பிட்சர் வேண்டுமென்றால் இளம் வீரரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்

வீரர்களைக் கைமாற்றும் கெடு நெருங்கும் ஒவ்வொரு ஜூலை மாதமும் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் இதே சண்டைதான். சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் ப்ளேஆஃபுக்குப் போகும் வாய்ப்பு அணிக்கு இருக்கிறது, அடிப்பதற்கு ஆள் இருக்கிறது, பந்து வீசத்தான் ஆள் போதவில்லை. கீழ்மட்டமான மைனர் லீக்கில் 19, 20 வயதில் நாலைந்து பையன்கள் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிறார்கள், அதில் இரண்டு பேரைக் கொடுத்தால் நல்ல பிட்சர் ஒருவர் கிடைப்பார். கொடுக்கலாமா, வேண்டாமா? ரசிகர்களில் பாதிப் பேர் எதிர்காலத்தை விற்காதே என்பார்கள், மீதிப் பேர் இந்த வருஷத்தை விட்டால் எப்போது என்பார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் யாரைக் கொடுக்கிறோம், யாருக்காகக் கொடுக்கிறோம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். பெரும்பாலான அணிகள் கோட்டை விடுவது அங்கேதான்.

இந்தப் பையன்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வீரர் மேஜர் லீக்குக்கு வந்த பிறகு ஆறு வருட சேவைக்காலம் முடியும்வரை அவர் அந்த அணியின் கட்டுப்பாட்டில்தான் இருப்பார். ஒரு சீசனில் 172 நாள் அணிப் பட்டியலில் இருந்தால் ஒரு வருடம் என்று கணக்கு. முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்ச சம்பளம்தான், 2025இல் அது 7.6 லட்சம் டாலர். அப்புறம் மூன்று வருடம் சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் முன்னால் பேசிச் சம்பளம் ஏறும், அப்போதும் வெளிச்சந்தை விலைக்கு வராது. அந்த வெளிச்சந்தையில் என்ன விலை என்றால், 2019 டிசம்பரில் கெரிட் கோல் என்ற பிட்சருக்கு நியூயார்க் யாங்கீஸ் ஒப்புக்கொண்டது 9 வருடத்துக்கு 32.4 கோடி டாலர். எல்லா அணியாலும் அது முடியாது. பணம் இல்லாத அணிக்குப் பிட்சர் வேண்டுமென்றால் இரண்டே வழி, தானே வளர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வளர்த்த வேறு ஆட்களைக் கொடுத்து வாங்க வேண்டும்.

இந்த விவாதம் வந்தாலே எல்லோரும் முதலில் எடுக்கும் பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். 1987 ஆகஸ்ட் 12 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, 36 வயது டாயில் அலெக்ஸாண்டரை அட்லான்டா பிரேவ்ஸிடம் வாங்கிக்கொண்டு, 20 வயது ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் மிச்சிகனிலேயே வளர்ந்தவர், டைகர்ஸ் ரசிகர். பின்னால் அட்லான்டாவில் 1996இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, மொத்தம் 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றிய ஆட்டங்கள்), 2015இல் ஹால் ஆஃப் ஃபேம். இதைச் சொல்லிவிட்டு, பார்த்தாயா, இதனால்தான் இளம் வீரர்களைக் கொடுக்கக் கூடாது என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு இது ஒப்பவில்லை. அந்த நாளில் டைகர்ஸ் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். ஸ்மோல்ட்ஸ் அப்போது மைனர் லீக்கின் டபுள்-ஏ மட்டத்தில், க்ளென்ஸ் ஃபால்ஸ் அணியில், 4 வெற்றி, 10 தோல்வி. ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் (குறைந்தால்தான் நல்லது), 5.68. மறுபக்கம் அலெக்ஸாண்டர் வந்து 11 ஆட்டம் வீசினார், 9 வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை, ஈ.ஆர்.ஏ. 1.53. சீசனின் கடைசி வார இறுதியில் டொரான்டோ ப்ளூ ஜேஸ் ஒரு ஆட்டம் முன்னிலையோடு டெட்ராய்ட் மைதானத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அலெக்ஸாண்டர் வீசி 4-3 என்று வென்றார். சனிக்கிழமை வழக்கமான ஒன்பதைத் தாண்டி 12 இன்னிங்ஸ் போய் 3-2. ஞாயிற்றுக்கிழமை 1-0. மூன்றும் ஒரே ஒரு ரன் வித்தியாசம், மூன்றும் டைகர்ஸுக்கு. டிவிஷன் பட்டம் இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் கையில் வந்தது. அந்த 9 வெற்றி இல்லாமல் அது நடந்திருக்கவே முடியாது. அதற்கடுத்து லீக் சாம்பியன்ஷிப்பில் மினசோட்டா ட்வின்ஸிடம் ஐந்து ஆட்டத்தில் தோற்றார்கள், அலெக்ஸாண்டரே இரண்டில் தோற்றார் என்பதும் உண்மை. ஆனாலும் அதற்கப்புறம் டைகர்ஸ் ப்ளேஆஃபைப் பார்த்தது 2006இல்தான். 1987 எவ்வளவு அரிதான வாய்ப்பு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான பேரம். பையன் பின்னால் மகத்தான பிட்சர் ஆனதால் அது தப்பான பேரமாக மாறிவிடாது.

பேக்வெல் கதை வேறு. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறுவதில்லை.

1990 ஆகஸ்ட் 30. பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு ஒரு ரிலீவர், அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சர், தேவைப்பட்டது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸிடம் 37 வயது லாரி ஆண்டர்சன் இருந்தார். அவருக்காகக் கொடுக்கப்பட்டவர் ஜெஃப் பேக்வெல், பாஸ்டனில் பிறந்து கனெக்டிகட்டில் வளர்ந்தவர், ரெட் சாக்ஸ் ரசிகர், அப்போது அதே கனெக்டிகட்டின் நியூ பிரிட்டன் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ஹோம் ரன் அதிகம் இல்லை, நாலுதான். ஆனால் அடித்த சராசரி .333, அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதே அவருக்குத்தான். மூன்றாவது பேஸில் வேட் பாக்ஸ் நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் ஸ்காட் கூப்பரும் இருந்தார், அதனால் பேக்வெலுக்கு இடமில்லை என்று கணக்குப் போட்டார்கள். வேறு இடத்தில் நிறுத்திப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஹூஸ்டன் அவரை முதல் பேஸில் நிறுத்தியது. 1991இல் சிறந்த புதுமுகம், 1994இல் மிகச் சிறந்த வீரர், 15 வருடமும் ஒரே அணி, 449 ஹோம் ரன், 2017இல் ஹால் ஆஃப் ஃபேம். ஆண்டர்சன் பாஸ்டனுக்கு வீசியது மொத்தம் 22 இன்னிங்ஸ். நன்றாகவே வீசினார், ஈ.ஆர்.ஏ. 1.23, அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. சாம்பியன்ஷிப் தொடரில் ஓக்லாண்டிடம் நாலு ஆட்டமும் தோற்று, சீசன் முடிந்ததும் ஆண்டர்சன் வேறு அணிக்குப் போய்விட்டார்.

இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் எனக்குப் பிடிக்காதது. அலெக்ஸாண்டர் ஸ்டார்ட்டர், ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர். அஞ்சு நாளுக்கு ஒரு முறை வந்தாலும் வந்த நாளில் ஏழு, எட்டு இன்னிங்ஸ் தாங்கினார், ஒரு ஆட்டத்தின் போக்கே அவர் கையில் இருந்தது. ஆண்டர்சன் வந்தால் ஓரிரு இன்னிங்ஸ். ஸ்மோல்ட்ஸ் இன்னும் தன்னை நிரூபிக்காத பிட்சர். பேக்வெல் டபுள்-ஏவில் எல்லோரையும் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்த பேட்டர். கொடுத்ததும் வேறு, வாங்கியதும் வேறு.

இந்த விவாதத்தில் இன்னொரு பெரிய கோளாறு, நமக்கு நினைவில் நிற்பது பின்னால் நட்சத்திரம் ஆனவர்கள் மட்டுமே. அடையாளம் தெரியாமல் போனவர்களை யாரும் எண்ணுவதில்லை. விதைநெல்லை அள்ளிச் சமைக்காதே என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள், விதைநெல்லில் பெரும்பகுதி முளைக்கும், இளம் பேஸ்பால் வீரர்களில் பெரும்பகுதி முளைப்பதில்லை. 2008 ஜூலையில் மில்வாக்கி ப்ரூவர்ஸ், சி.சி. சபாத்தியாவுக்காகக் க்ளீவ்லாண்டுக்குக் கொடுத்த முக்கியமான பெயர் மேட் லாபோர்ட்டா, முந்தைய வருட ட்ராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், ஏழாவதாக எடுக்கப்பட்ட பேட்டர். அவரைக் கொடுத்தது பற்றி அன்று எவ்வளவு புலம்பல்! க்ளீவ்லாண்டில் அவர் நாலு சீசனோடு முடிந்துபோனார். சபாத்தியா மில்வாக்கிக்காக 17 ஆட்டம் வீசினார், 11 வெற்றி, 2 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 1.65, அதில் ஏழு ஆட்டத்தைத் தனியாளாக முதலிலிருந்து கடைசிவரை வீசி முடித்தார்.

அந்த செப்டம்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். சீசன் முடிந்தால் அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம், பெரிய ஒப்பந்தம் காத்திருக்கிறது, கைக்கு ஏதாவது ஆனால் எல்லாம் போச்சு. இருந்தும் கடைசி மூன்று ஆட்டங்களையும் வழக்கமான நாலு நாள் ஓய்வு இல்லாமல் மூன்றே நாள் இடைவெளியில் வீசினார். கடைசி நாள், செப்டம்பர் 28, சிகாகோ கப்ஸுக்கு எதிராக முழு ஆட்டமும் வீசி 3-1 என்று ஜெயித்துக் கொடுத்தார். 1982க்குப் பிறகு ப்ரூவர்ஸ் முதல் முறையாக ப்ளேஆஃபுக்குப் போனது. அங்கே ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக நாலு இன்னிங்ஸ்கூட அவரால் தாங்க முடியவில்லை, இரண்டாவது இன்னிங்ஸிலேயே ஷேன் விக்டோரினோ பேஸ்கள் நிறைந்திருந்தபோது ஹோம் ரன் அடித்தார். கை அவ்வளவு களைத்திருந்தது. அப்புறம் யாங்கீஸ் அவரை 16.1 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. ப்ரூவர்ஸுக்கு மிஞ்சியது மூன்று மாதம்தான் என்று சொல்வார்கள். அந்த ஊர் ரசிகர்களிடம் அந்த மூன்று மாதத்தைத் திருப்பிக் கொடு, லாபோர்ட்டாவை வைத்துக்கொள் என்று கேட்டால் ஒருத்தர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இதே பேரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, நான் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பெயரைப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டு க்ளீவ்லாண்டுக்குக் கொடுக்கப்பட்ட நாலாவது ஆள் ஒருவர் இருந்தார், சீசன் முடிந்த பிறகுதான் அவர் யார் என்று முடிவானது. அவர் மைக்கேல் பிராண்ட்லி. ஐந்து முறை ஆல்-ஸ்டார் ஆனவர், அதாவது அந்தந்த வருட நட்சத்திர அணிக்குத் தேர்வானவர். முதல் பெயருக்காக எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது உண்மையான இழப்பு நாலாவது பெயரில் இருந்தது. இது ஒரு முறை நடந்த விபத்தும் இல்லை. 2017இல் கப்ஸ், ஹோசே கின்டானாவுக்காக ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்ததில் எல்லோர் வாயிலும் இருந்தது எலாய் ஹிமெனஸ் பெயர், ஆனால் கூடவே போன டிலன் சீஸ்தான் 2022இல் சை யங் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். 2016 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், ஜாஷ் ஃபீல்ட்ஸ் என்ற ஒரு ரிலீவருக்காக ஹூஸ்டனுக்குக் கொடுத்தது யோர்டன் ஆல்வரஸை. அப்போது அவர் அமெரிக்காவில் ஒரு மைனர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. 2019இல் சிறந்த புதுமுகம், 2022இல் ஹூஸ்டன் பட்டம் வென்ற இரவில் ஆட்டத்தைத் திருப்பிய ஹோம் ரன் அவருடையது. அதே 2016 ஜூனில் சிகாகோ ஒயிட் சாக்ஸ், ஜேம்ஸ் ஷீல்ட்ஸை வாங்கக் கொடுத்த இரண்டு பேரில் ஒருவர் 17 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். ஷீல்ட்ஸ் அந்த வருடம் ஒயிட் சாக்ஸுக்கு வீசியது 6.77 ஈ.ஆர்.ஏ. டாட்டிஸ் 2021இல் 42 ஹோம் ரன் அடித்தார், அதற்கு முன்பே சான் டியகோ பேட்ரஸ் அவரை 14 வருடம், 34 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துவிட்டது.

பட்டியலில் முதலில் இருக்கும் பையனைப் பற்றி இரண்டு தரப்புக்கும் எல்லாம் தெரியும், அவன் விலையும் சரியாகத்தான் இருக்கும். கீழ் மட்டத்தில் இருக்கும் 17, 18 வயதுப் பையனைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. எதிரணி ஆள் பேசி முடித்துக் கைகுலுக்கும் நேரத்தில் "சரி, கூடவே அந்த ஒருத்தனையும் சேர்த்துக்கொள்ளலாம்" என்று போகிற போக்கில் ஒரு பெயரைச் சொன்னால், அவனைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறான் என்று அர்த்தம். அங்கேதான் முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நான் ஒரு அணியை நடத்தினால் முதல் பெயரில் விட்டுக்கொடுப்பேன், மூன்றாவது, நாலாவது பெயருக்கு இரவெல்லாம் பேசுவேன்.

இன்னொன்று, கொடுப்பதென்றால் இளம் பேட்டரைவிட இளம் பிட்சரைக் கொடுப்பது மேல். பிட்சிங் ப்ராஸ்பெக்ட், அதாவது நம்பி எதிர்பார்க்கக்கூடிய இளம் பிட்சர், என்று ஒரு ஜந்துவே கிடையாது என்று பேஸ்பால் ஆராய்ச்சிக்காரர்கள் மத்தியில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகை, ஆனால் காரணம் உண்டு. மனித முழங்கை மணிக்கு நூறு மைல் வேகத்தில் திரும்பத் திரும்ப வீசுவதற்காகப் படைக்கப்பட்டது இல்லை. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த டாமி ஜான் அறுவை சிகிச்சை, முழங்கைத் தசைநாரைச் சரிசெய்வது, இன்று சாதாரணமாகிவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக் கெடுவுக்கு நொடிகள் இருக்கும்போது ஹூஸ்டன், ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கியது. டெட்ராய்ட்டுக்குக் கொடுத்த மூவரில் பெரிய பெயர் ஃபிராங்க்ளின் பெரஸ், பிட்சர். அடுத்தடுத்து காயம், மேஜர் லீக் பக்கமே வர முடியவில்லை. வெர்லாண்டர் வந்த மாதத்தில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி, ஈ.ஆர்.ஏ. 1.06. அந்த வருடம் ஹூஸ்டனுக்கு இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் பட்டம், 2019இலும் 2022இலும் அவருக்கே சை யங். பெரஸின் தவறு இதில் எதுவுமில்லை, பாவம், கை ஒத்துழைக்கவில்லை.

சரி, கொடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பால்டிமோர் ஓரியோல்ஸைப் பார்த்தால் போதும்.

வருடக்கணக்கில் தோற்றுத் தோற்று ட்ராஃப்டில் முதல் இடங்களைச் சேர்த்த அணி அது. 2019இல் முதல் தேர்வு ஆட்லி ரட்ச்மன், 2020இல் இரண்டாவது தேர்வு ஹெஸ்டன் கெர்ஸ்டாட், 2022இல் முதல் தேர்வு ஜாக்சன் ஹாலிடே, நடுவில் கனர் ஹெண்டர்சன், கோபி மேயோ. பேட்டர்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள், நிறுத்துவதற்கு இடம் இல்லாத அளவுக்கு. 2023இல் 101 வெற்றி. அந்த ஜூலையில் பிட்சிங் வேண்டும் என்று ஊரே கத்தியது, அவர்கள் வாங்கியது ஜாக் ஃப்ளாஹெர்ட்டியை, கொடுத்தது பெரிய பெயர் இல்லாத மூன்று பேரை. ஃப்ளாஹெர்ட்டி அங்கே 6.75 ஈ.ஆர்.ஏ. ஆகஸ்டில் அவர்களின் க்ளோசர், கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர், ஃபெலிக்ஸ் பௌடிஸ்டாவின் முழங்கை போனது. அதே ஜூலையில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் இளம் வீரர்களைக் கொடுத்து மேக்ஸ் ஷெர்சரையும் ஜோர்டன் மான்ட்கமரியையும் வாங்கியிருந்தது. அக்டோபரில் இரண்டு அணியும் நேருக்கு நேர் வந்தன. இரண்டாவது ஆட்டத்தில் ஓரியோல்ஸின் 23 வயது கிரேசன் ராட்ரிகஸ் இரண்டு இன்னிங்ஸ்கூடத் தாங்கவில்லை, ஐந்து ரன் போனது. மூன்று ஆட்டத்தில் தொடர் முடிந்தது. ரேஞ்சர்ஸ் அதன் வரலாற்றில் முதல் முறையாக வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது.

அடுத்த பிப்ரவரியில் ஓரியோல்ஸ் கொஞ்சம் விழித்துக்கொண்டு மில்வாக்கியிடமிருந்து கார்பின் பர்ன்ஸை வாங்கியது. கொடுத்தது ஜோயி ஆர்டிஸ், டி.எல். ஹால், கூட ஒரு ட்ராஃப்ட் தேர்வு. நல்ல பேரம், ஆனால் பர்ன்ஸுக்கு மிச்சம் இருந்தது ஒரே வருடம். 2024 அக்டோபர் 1 அன்று ப்ளேஆஃப் முதல் ஆட்டத்தில் கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸைத் தாண்டி வீசி ஒரே ஒரு ரன்தான் கொடுத்தார். அணி 0-1 என்று தோற்றது. இத்தனை வருடம் கொடுக்காமல் பொத்திப் பாதுகாத்த பேட்டர்களால் அவருக்காக ஒரு ரன் எடுக்க முடியவில்லை. அடுத்த நாள் 1-2, சீசன் முடிந்தது. பர்ன்ஸ் அரிசோனாவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் 41 வயது சார்லி மார்ட்டன் உள்ளிட்ட சிலரை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்து ஒப்பேற்றப் பார்த்தார்கள். ராட்ரிகஸ் காயத்தால் 2025இல் ஒரு ஆட்டம்கூட மேஜர் லீக்கில் வீசவில்லை. மே மாதம் மேனேஜர் பிராண்டன் ஹைட் பதவி போனது. 75 வெற்றி, 87 தோல்வி. கெர்ஸ்டாட் ஜூனில் மைனர் லீக்குக்குத் திரும்பிப் போனார். 2023இலோ 2024இலோ அவருக்கு இருந்த மதிப்பு அன்று இல்லை. கொடுக்காத இளம் வீரர் பத்திரமாக இருப்பார் என்று நினைப்பதே தவறு, அவர் மதிப்பு ஒவ்வொரு மாதமும் ஏறும் இறங்கும், ரொம்ப நாள் வைத்திருந்தால் இறங்குவதுதான் அதிகம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூலையில் ஓரியோல்ஸ், கைல் ஸ்டவர்ஸையும் கானர் நார்பியையும் மயாமிக்குக் கொடுத்து ட்ரெவர் ராஜர்ஸை வாங்கியது. அந்த வருடம் நாலு ஆட்டம் வீசி ஈ.ஆர்.ஏ. 7.11, மைனருக்கு அனுப்பினார்கள். 2025இல் ஸ்டவர்ஸ் ஆல்-ஸ்டார் ஆனதும் கேலி உச்சத்துக்குப் போனது. அதே 2025இல் ராஜர்ஸ் 18 ஆட்டத்தில் 1.81. ஆறே மாதத்தில் தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த ஒன்றையாவது பார்க்கலாம்.

ஆட்களை இப்படி எண்ணும் பெயருமாகப் பேசிக்கொண்டே போகும்போது எனக்குள் ஒரு உறுத்தல் உண்டு. 2015 ஜூலை 29 இரவு நியூயார்க் மெட்ஸ் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வில்மர் ஃப்ளோரஸை மில்வாக்கிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி ரசிகர்களின் போன்களில் பரவியது. ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்ட, அவருக்கும் விஷயம் புரிந்துபோனது. 16 வயதில் வெனிசுவேலாவிலிருந்து அந்த அணியில் சேர்ந்த பையன், அப்போது 23. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றுகொண்டு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆடினார். யாரும் அவரை வெளியே கூப்பிடவில்லை, ஏனென்றால் பேரம் முடியவில்லை, கடைசியில் முறிந்தே போனது. இரண்டு நாள் கழித்து 12வது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார் அதே ஃப்ளோரஸ். ஓடி வரும்போது மார்பில் இருந்த மெட்ஸ் எழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். பேரம் பேசும் ஜெனரல் மேனேஜர் எவரானாலும், கொடுக்கும் பையனுக்கு முதலில் தானே போன் செய்து சொல்ல வேண்டும். இது பேஸ்பால் அறிவு சம்பந்தப்பட்டதில்லை, குறைந்தபட்ச மரியாதை.

அந்த வருட வேர்ல்ட் சீரிஸின் கடைசி ஸ்ட்ரைக் அவுட்டும் ஃப்ளோரஸ்தான், வீசியவர் கான்சஸ் சிட்டியின் வேட் டேவிஸ். அந்த டேவிஸ் எப்படி அங்கே வந்தார் தெரியுமா? 2012 டிசம்பரில் ராயல்ஸ் தன் மிகச் சிறந்த இளம் வீரர் வில் மையர்ஸை, ஜேக் ஒடோரிஸியோடும் இன்னும் இருவரோடும் சேர்த்து டாம்பா பே ரேஸுக்குக் கொடுத்து, ஷீல்ட்ஸையும் டேவிஸையும் வாங்கியது. ஆமாம், டாட்டிஸ் பேரத்தில் வந்த அதே ஷீல்ட்ஸ், ஆனால் நாலு வருடம் இளையவர். அன்று விழுந்த ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. மையர்ஸ் அடுத்த வருடமே சிறந்த புதுமுகம் ஆனார், ஏச்சு இரட்டிப்பானது. 1985க்குப் பிறகு ப்ளேஆஃபே பார்க்காத ராயல்ஸ் 2014இல் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம்வரை போய்த் தோற்றது, 2015இல் ஜெயித்தது. நான் இந்த விவாதத்தில் யாருக்காவது ஒரே ஒரு உதாரணம் காட்ட வேண்டுமென்றால் ஸ்மோல்ட்ஸை விட்டுவிட்டு இதைக் காட்டுவேன். ஸ்டார்ட்டர் ஒருவர், இரண்டு வருடக் கட்டுப்பாடு, கூடவே இன்னும் நீண்ட காலம் வைத்திருக்கக்கூடிய இன்னொரு கை. மொத்த அணியும் ஒரே நேரத்தில் பழுத்து நிற்கும் காலம். அப்போதுதான் கொடுக்க வேண்டும்.

அணி அந்த நிலையில் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு 2018 பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். ஜூலையில் தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்த வேகத்தில், க்ரிஸ் ஆர்ச்சருக்காக டைலர் க்ளாஸ்நோ, ஆஸ்டின் மெடோஸ், அப்புறம் ஷேன் பாஸ், மூவரையும் கொடுத்தது. ப்ளேஆஃபுக்கும் போகவில்லை, ஆர்ச்சரும் சோபிக்கவில்லை.

கடைசியாக, இப்போது எல்லோரும் அடித்துக்கொள்ளும் விஷயம். 2025 ஜூலை 31 அன்று பேட்ரஸ், க்ளோசர் மேசன் மில்லரையும் ஸ்டார்ட்டர் ஜே.பி. சியர்ஸையும் வாங்க 18 வயது லியோ டி வ்ரீஸையும் மூன்று இளம் பிட்சர்களையும் கொடுத்தது. இதை ஆண்டர்சன்-பேக்வெல் என்று சொல்வது தவறு. மில்லர் 2029 முடியும்வரை பேட்ரஸிடம்தான், வேகத்தில் அவருக்கு இணை கிடையாது, அந்த அணியோ 1969இல் தொடங்கியதிலிருந்து ஒரு முறைகூட வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்ததில்லை, அவசரம் புரிகிறது. ஆனாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். டி வ்ரீஸ் அன்று பேஸ்பாலிலேயே முதல் சில இடங்களில் வைக்கப்பட்ட இளம் ஷார்ட்ஸ்டாப். அந்த விலை கொடுத்தால் வருடத்துக்கு அறுபது, எழுபது இன்னிங்ஸ் வீசும் ஆள் போதாது, நூற்றெண்பது இன்னிங்ஸ் வீசும் ஆள் வேண்டும். அது கிடைக்காத சரக்கும் இல்லை. எட்டு மாதம் முன்னால்தான் ரெட் சாக்ஸ், ஒயிட் சாக்ஸிடமிருந்து காரெட் க்ரோஷேவை வாங்கியிருந்தது, ஸ்டார்ட்டர், இன்னும் இரண்டு வருடக் கட்டுப்பாடு. கொடுத்தது நாலு நல்ல இளம் வீரர்கள், ஆனால் டி வ்ரீஸ் அளவுக்கு மதிப்பிடப்பட்டவர் அந்த நால்வரில் ஒருவரும் இல்லை. வாங்கி நாலு மாதத்துக்குள் 17 கோடி டாலருக்கு ஆறு வருடம் நீட்டித்துக்கொண்டார்கள். க்ரோஷே 2025இல் 18 வெற்றி, 255 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 2.59. பேட்ரஸ் அந்த ஜூலையில் அப்படியொரு ஸ்டார்ட்டரைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால், டி வ்ரீஸை டிசம்பர்வரை கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டிருக்கலாம்.